கருவாட்டு உப்பு

“முத்தெல்லாம் உதுந்துட்டுல்லாப்பா, பொறவு என்னத்துக்கு இன்னும் ரெண்டு தண்ணி?”

ஜெயபிரியா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. அம்மை போட்டு, வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்து எழுந்து, முதல் தண்ணீர் ஊற்றிய ஈரத்தலையோடு முற்றத்து வெயிலில் நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்தில் அம்மைக் கொப்புளத்துக்கு முத்து என்றுதான் பெயர். முத்தாரம்மன் போட்ட முத்தை அவளேதான் இறக்கிக்கொள்ள வேண்டும். முத்து உதிர்ந்த பிறகு, நாள் விட்டு நாள் மூன்று தடவை வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி முடித்தால்தான் வாசலில் செருகிய வேப்பங்குழையை எடுப்பார்கள். அதுவரை அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்தும் யாரும் எங்கும் போகக்கூடாது.

செந்தூர்பாண்டி மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “உதுந்துட்டா போயிட்டுன்னு அர்த்தமாளா? கண்ணுக்குத் தெரியாம பாயில கெடக்கும், தரையில கெடக்கும். மூணாவது தண்ணிக்குப் பொறவுதான் ஆத்தா வீட்ட விட்டுப் படியிறங்குவா.”

சொன்னவர் அதை மறந்துபோனார். பிள்ளைகளுக்குச் சொல்லுகிற பதிலை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

அந்தப் படுக்கையில், விளையாட ஒரு பிள்ளையும் வரவில்லை என்று மகள் அழுததைப் பொறுக்கமாட்டாமல், ஆத்தாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர் வெளியே போய் வாங்கிவந்தவைதான் அந்த இரண்டு தங்கமீன்கள். பிளாஸ்டிக் பைக்குள் விரல் நீளத்துக்கு இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று சுத்த வெள்ளை. உழவு மாட்டுக்கு வைக்கிற மாதிரி செவலை, வெள்ளை என்று இவரே பெயர் வைத்தார். வீட்டு முன்னறையில் கண்ணாடித் தொட்டி வந்தது. மீன்கள் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்தன. மகளும் வளர்ந்தாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். போன சித்திரையில், திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்து மீன் பிடிக்கிற பெர்சி என்ற பையனை மாதா கோயிலில் வைத்து மாலை மாற்றிக்கொண்டாள். வேறு சாதி, வேறு வேதம். செந்தூர்பாண்டி போகவில்லை. மனைவி பகவதியையும் போகவிடவில்லை.

கல்யாணம் முடிந்த மறு வாரம் பெர்சியின் அம்மா ஞானபாக்கியம், பழத்தோடு தன் கையால் உப்பிட்டுக் காயவைத்த நெய்மீன் கருவாட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு அவர் உப்பு அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கே வந்தாள். செந்தூர்பாண்டிக்கு உப்பு வியாபாரம். நாலு பேர் பார்க்க, உப்புக் குவியலில் கையை ஊன்றிச் சொன்னார்.

“ஒங்க வீட்டு உப்பு ஒரு கல்லு எங்க வீட்டு வாசப்படி ஏறாது. நானும் ஒங்க வீட்டு உப்பத் தொடமாட்டேன். இது உப்பு மேல சத்தியம்.”

“எல்லாம் ஒரே கடல்ல உள்ளதுதான அண்ணாச்சி. இதுல ஒங்க வீட்டு உப்பு, எங்க வீட்டு உப்புன்னு எங்கன இருக்கு?” என்றாள் ஞானபாக்கியம். பிறகு தட்டின் மேல் முந்தானையை மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

உப்பு விற்கிறவன் உப்பின்மேல் செய்த சத்தியம். அன்றைக்கு வாய்விட்டதில் அவரே மாட்டிக்கொண்டார். மகள் பெயரை அவரும் சொல்லவில்லை, அவருக்கு முன்னால் பகவதியும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் தொட்டிக்கு முன்னால் நின்று மீன்களுக்குத் தீனி போடுவார். செவலை மேலே வந்து வாயைத் திறக்கும். “என்னல, பசிக்கா?” என்பார். அந்த வீட்டில் அவர் குழைந்து பேசுகிற பேச்சு அது ஒன்றுதான்.

மார்கழியில் அந்த மழை வந்தது. இரவும் பகலும் ஒரே ஊற்றாக ஊற்றியது. எங்கோ குளங்கள் உடைந்து, மில்லர்புரத்துத் தெருவில் தண்ணீர் ஆளுயரத்துக்கு ஏறியது. கீழ்வீட்டில் கட்டில் மிதக்கத் தொடங்கியபோது புருஷனும் பெண்சாதியும் மாடிக்கு ஏறினார்கள். அரிசி ஒரு சாக்கு, அடுப்பு, சிலிண்டர், சாமி படங்கள் என்று கைக்குக் கிடைத்தவை மேலே போயின. கண்ணாடித் தொட்டியை அசைக்க முடியவில்லை.

“மீனை என்னத்துல கொண்டு போறது?” என்றார் செந்தூர்பாண்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு.

“மேல பித்தளை அண்டா ஒண்ணு கெடக்கு.”

“பித்தளை ஆவாது. களிம்பு ஏறிச் செத்துப்போவும்.”

பகவதி ஒரு நிமிஷம் யோசித்தாள். “அப்பம் பீரோவுக்கு மேல உள்ள எவர்சில்வர் அண்டாதான்.”

அது மகளுக்கென்று ஆசையாக வாங்கிவைத்த சீர் அண்டா. விளிம்பில் ‘செ. ஜெயபிரியா’ என்று வெட்டியிருந்தது. வாங்கிய நாள்முதல் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. அதில்தான் இரண்டு மீன்களும் மாடியேறின.

மின்சாரம் போயிற்று. செல்போன்கள் செத்தன. மாடி அறை ஜன்னலில் நின்று பார்த்தால் தெரு என்று ஒன்று இல்லை. பழுப்புத் தண்ணீரும், அதில் ஆடுகிற வேப்பமரத் தலையும், மிதந்து போகிற செருப்பும் பாத்திரமும்தான். உப்பளத்தில் ஓலை போட்டு மூடிவைத்த அம்பாரங்கள், அத்தனை உயரக் குவியல்கள், கரைந்தே போயிருக்கும். செந்தூர்பாண்டி அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். காற்று விடுகிற மோட்டார் ஓடாததால், மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றினார். அவர் கை ஓய்ந்தால் பகவதி ஊற்றினாள். சோற்றுக்கு ரசம் மட்டும்தான். அதைத் தின்றுகொண்டும் ஒரு கையால் ஊற்றினார்கள்.

அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் பகவதி குனிந்து பார்த்துவிட்டு மக்கைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, இங்க பாருங்க. செவலை மேல ரவையத் தூவுன மாதிரி இருக்கு.”

வாலிலும் செதிலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மீன் அண்டாவின் சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பியது.

செந்தூர்பாண்டி வெகுநேரம் பார்த்தார். “முத்துப் போட்டிருக்கா,” என்றார் மெதுவாக.

“மீனுக்கா?”

“தண்ணி குளுந்துபோச்சுல்லா. எடமும் மாறிப்போச்சு. சீவனுன்னு இருந்தா போடாதா?”

“வெள்ளைக்கு இல்லையே.”

“வெள்ளையில வெள்ளை எங்கன தெரியும்?”

ஜன்னல் வழியே கையை நீட்டி வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து, அண்டாவின் காதில் செருகினார். ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மக்கை எடுத்தார்.

மத்தியானம் கீழே சத்தம் கேட்டது. தெருவில் ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. கம்பு ஊன்றித் தள்ளிவந்தவன் வீடு வீடாகப் பால் பாக்கெட்டும் ரொட்டியும் கொடுத்தான். பகவதி மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பெர்சி.

“மாமி, சொகமா இருக்கியளா? மாமா சொகமா? பிரியா ரெண்டு நாளா சோறே திங்கல. பாத்துட்டு வந்து சொன்னாத்தான் திம்பாளாம்.”

உள்ளே செந்தூர்பாண்டி கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். ஓடிப்போக இடமில்லை. முன்னால் மாப்பிள்ளை, கீழே வெள்ளம், மேலே மழை.

“இருக்கோம்யா. அவளச் சாப்பிடச் சொல்லு.” பகவதி இன்னும் கொஞ்சம் எட்டிக் குனிந்தாள். “மீனுக்குத்தான் முடியல. செவலை மேல பூரா வெள்ளப் புள்ளியா கெடக்கு.”

“அப்பிடியா. அவட்ட சொல்லுதேன் மாமி. அவளும் அங்கன ஒரு தொட்டி வச்சிருக்கா.”

கயிற்றில் வாளி கட்டி இறக்கி, பாலையும் ரொட்டியையும் மேலே எடுத்தாள். செந்தூர்பாண்டி பாலைக் குடித்தார். அது சர்க்கார் பால், சத்தியத்தில் சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

மறுநாள் பெர்சி திரும்ப வந்தான். வாளியில் ஒரு துணி மூட்டையை வைத்தான்.

“மாமி, இது உப்பு. அம்மா கருவாட்டுக்கு வச்சிருக்க கல்லுப்பு. பாக்கெட்டு உப்பு போடாண்டாம்னு பிரியா சொன்னா, அதுல என்னெல்லாமோ கலந்திருப்பானாம். அண்டாவுல எத்தன கொடம் தண்ணி பிடிக்குமோ, கொடத்துக்கு ஒரு சின்னக் கைப்பிடி. ஒரேடியா போடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு ஊத்தணுமாம். சுடுதண்ணிய பாட்டில்ல அடைச்சு உள்ள மெதக்க விடணும், தண்ணி இளஞ்சூடா இருக்கணும்.” அவன் விரல்விட்டு ஞாபகப்படுத்திக்கொண்டான். “பொறவு, இதத்தான் அவ பத்து தடவ சொல்லிவிட்டா. புள்ளி உதுந்தவொடன விட்டுரக்கூடாது. உதுந்தது அடியில போயி உக்காந்து, வெடிச்சு, நூறா பெருகித் திரும்ப மேல ஏறுமாம். அடித்தண்ணிய டியூப் வச்சு எடுத்துட்டு, புதுத்தண்ணியும் உப்பும் விட்டு மூணு தடவையாவது செய்யணும். போன ஆடியில புள்ளி போச்சுன்னு இவ பாதியில விட்டு, பாதி மீனு செத்துட்டு. ஒக்காந்து அழுதா.”

“இவ்வளத்தையும் மனப்பாடமா சொல்லுதியே.”

“சொல்லாம வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டா மாமி,” என்று சிரித்தான். உள்ளே நிழலாகத் தெரிந்தவரைப் பார்த்து, “மாமா, வாரேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றினான்.

பகவதி மூட்டையைத் தரையில் வைத்தாள். செந்தூர்பாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதத் திருப்பி அனுப்பியிருக்கணும்.”

“நம்ம வீட்டுல கல்லுப்பு இருக்கா?”

இல்லை. ஊருக்கெல்லாம் உப்பு அளக்கிறவர் வீட்டில் சமையலுக்குப் பாக்கெட் உப்புத்தான் இருந்தது. கிட்டங்கியில் இருந்ததெல்லாம் தண்ணீரோடு தண்ணீராகப் போயிருந்தது.

“சத்தியம் பண்ணியிருக்கேன் பகவதி.”

“என்னன்னு பண்ணுனீங்க? வாசப்படி ஏறாதுன்னுதான? இது வாசப்படி ஏறியா வந்துச்சு? வாசப்படி வெள்ளத்துக்குள்ள கெடக்கு. இது கைப்பிடிச் சுவர் ஏறி வந்திருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டார். “தொடமாட்டேன்னும் சொல்லியிருக்கேன்.”

“நீங்க தொடாண்டாம். சத்தியத்தை நீங்க பத்திரமா வச்சுக்கிடுங்க. நான் தொடுதேன்.”

உப்பைக் கரைத்து ஊற்றியதும் சுடுதண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிப் போட்டதும் பகவதிதான். செந்தூர்பாண்டி மக்கால் மொண்டு ஊற்றினார், அவ்வளவுதான். குடிக்கிற தண்ணீரிலிருந்துதான் மீனுக்கும் பங்கு. மாடித் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. இருவரும் அண்டாவைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். பேச வேண்டியது அவ்வளவு இருந்தும் மீனைப் பற்றித்தான் பேசினார்கள்.

பிறகு ஒரு காலையில் செவலை மேலே ஒரு புள்ளியும் இல்லை. உடம்பு தேய்த்துவைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

“ஆத்தா எறங்கிட்டா,” என்றார் செந்தூர்பாண்டி. கன்னத்தில் போட்டுக்கொண்டார். “போதும், அந்த உப்ப எடுத்துக் கட்டி வையி.”

“பிரியா மூணு தடவன்னு...” அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

“அவ சொல்லுவா. எறங்குன பொறவு எதுக்கு? தலைக்குத் தண்ணி விட்டாச் சரியாப்போவும்.” அந்த வீட்டு உப்பிலிருந்து தப்பித்தோம் என்ற அவசரம் அவர் குரலில் இருந்தது. மொட்டை மாடியில் பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரில் வேப்பிலையைக் கசக்கிப் போட்டு, மேலாகப் பாதித் தண்ணீரை மாற்றினார். மழைத்தண்ணீர் சில்லென்று இருந்தது. அடித்தண்ணீரை அவர் தொடவில்லை. பகவதி சண்டை போட்டிருக்கலாம். இத்தனை நாள் அடைப்பில் அவளுக்கும் அலுத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து விடியும்போது செவலை மேலே முன்னைவிட அடர்த்தியாகப் புள்ளிகள் இருந்தன, கண்ணைச் சுற்றிக்கூட. வெள்ளை, அண்டாவின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செந்தூர்பாண்டி கையைவிட்டுத் தூக்கினார். உள்ளங்கையில் சொரசொரவென்று இருந்தது, மணல் ஒட்டின மாதிரி. இத்தனை நாளும் அதற்குத்தான் அதிகமாக இருந்திருக்கிறது, நிறத்தில் மறைந்துகொண்டது. செவுள் ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு திறக்கவில்லை.

பகவதி அழுதாள். அவர் அழவில்லை. மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே தண்ணீர் வடிந்து, படிக்கட்டின் மேல்படிகள் சேறோடு தெரிய ஆரம்பித்திருந்தன. ஈரத்தலையோடு ஒரு பெண்பிள்ளை வெயிலில் நிற்பது அவர் கண்முன் வந்தது. பொறவு என்னத்துக்கு இன்னும் ரெண்டு தண்ணி?

“கண்ணுக்குத் தெரியாம தரையில கெடக்கும்,” என்றார்.

“என்னது?”

“நாந்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன் பகவதி. நான் சொல்லிக்குடுத்ததத்தான் அவ எனக்குச் சொல்லிவிட்டிருக்கா.”

வெள்ளையை மாடிச் செம்பருத்தித் தொட்டி மண்ணில் புதைத்தார். கையைக் கழுவினார். மூலையில் கட்டிவைத்திருந்த துணி மூட்டையை அவரே போய் எடுத்தார், அவரே அவிழ்த்தார். கருவாட்டு வாசம் லேசாக அடித்தது. எத்தனையோ வருஷமாக உப்பைக் கையில் வைத்து எடை சொன்னவர், ஒரு சின்னக் கைப்பிடி எடுத்து, ஏந்திப் பார்த்து, கொஞ்சம் திரும்பப் போட்டுவிட்டுக் கரைத்தார்.

“சத்தியம்?” என்றாள் பகவதி.

“அது என் கணக்கு. ஆத்தாட்ட நான் பேசிக்கிடுதேன். நீ தண்ணியச் சுடவையி.”

டியூபை வாயில் வைத்து உறிஞ்சி அடித்தண்ணீரை எடுத்தார். இரண்டாவது தண்ணீர் ஊற்றினார்கள். புள்ளி உதிர்ந்தது. அவர் நம்பவில்லை. திரும்ப அடித்தண்ணீரை எடுத்து, உப்பும் சூடும் பார்த்து மூன்றாவது தண்ணீர் ஊற்றினார்கள். தெருவில் சேறு காய்ந்து, மின்சாரம் வந்து, கீழ்வீட்டைக் கழுவித் துடைத்து, கண்ணாடித் தொட்டியில் புதுத்தண்ணீர் நிரப்பிய அன்றைக்குத்தான் அண்டாவின் காதில் செருகியிருந்த வேப்பங்குழையை எடுத்தார். செவலை தனியாகத் தொட்டியைச் சுற்றி வந்தது. தீனி போடும்போது இன்னொன்றைத் தேடுகிற மாதிரி ஓரமாகப் போய் நின்றது.

பகவதி அண்டாவைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். அதைப் பீரோவுக்கு மேல் ஏற்றச் சொல்லி அவர் சொல்லவில்லை. அது முன்னறையில், வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

வெள்ளம் அடித்த அளத்தில் சேற்றை அள்ளி, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, திரும்ப உப்பு விளையப் பங்குனி ஆகிவிட்டது. முதல் வாரலில் வந்த உப்பு வெள்ளையும் வெளிச்சமுமாக இருந்தது. அதிலிருந்து நல்ல கல்லாகப் பார்த்து, கைப்படப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டார் செந்தூர்பாண்டி. அன்று குருத்தோலை ஞாயிறு. பகவதியிடம் அளத்துக்குப் போவதாகத்தான் சொன்னார்.

திரேஸ்புரத்துத் தெருக்களில் ஆளில்லை, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஓலை பிடித்துப் போகிறவர்களின் பாட்டு தூரத்தில் கோயில் பக்கம் கேட்டது. மகள் வீடு எதுவென்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. பகவதி ஒரு தடவை போனில் தாழ்ந்த குரலில் அடையாளம் கேட்டுக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருந்தது. மொபெட்டை முடுக்கில் நிறுத்தி, சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனார். கருவாடு காய்கிற வலை விரித்திருந்தது. கொடியில் மகளின் பழைய பச்சைச் சுடிதார் காய்ந்தது. அவர் அதன் முன் கொஞ்சம் நின்றார்.

சுவரோரம் சிமெண்டுத் தொட்டி, மேலே பலகை, பலகைமேல் ஒரு கல். பலகையைத் தூக்கினார். மழையில் ஈரம் கோத்த பழைய உப்பு அடியில் கொஞ்சம்போல் இருந்தது. அள்ளுகிற சிரட்டை அதன்மேல் கிடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு இவர்களுக்கும் உப்புக்குத் தட்டுப்பாடாகத்தான் இருந்திருக்கும். அதில்தான் ஒரு மூட்டையைக் கட்டி மீனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் சாக்கைச் சரித்தார். புது உப்பு சரசரவென்று விழுந்து தொட்டியை நிறைத்தது. கையால் நிரவி, சிரட்டையைத் துடைத்து மேலே வைத்தார்.

பலகையை மூடப்போனவர் நிறுத்தினார். இது இப்போது அவர்கள் வீட்டு உப்பு. ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். கரைகிறவரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு பலகையை மூடி, அதன்மேல் கல்லை முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.